ஒரே ஒரு ஆளைக் காட்டட்டும்

குளிர்காற்று நேராக உலகம்மையின் பிடரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தீர்ப்பாயத்தின் அந்த அறையில் ஆணையத்தின் வக்கீல் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே ஏசியை மாட்டச் சொன்னவன் யாரோ, அவன் ஒரு காலத்தில் தன்னிடம் தோற்றுப்போன கட்சிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் பல தடவை நினைத்துச் சிரித்ததுண்டு. தோற்றவர்களுக்கா ஊரில் பஞ்சம். தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்று சொல்லி ஓய்வுபெற்ற வாத்தியார்களின் சேமிப்பை விழுங்கியவர்கள், பள்ளிச் சீருடை டெண்டரை முறை வைத்து மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டவர்கள், ஜல்லி விலையை ஒரே நாளில் ஒன்றாக ஏற்றிவிட்டு ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்த குவாரிக்காரர்கள். அத்தனை பேரையும் முழிக்க வைத்தவள் அவள். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமே கிடையாது. கவுனை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். எதிரே சீனியர் வக்கீல் ராஜவரதன் பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்பதைவிடக் கச்சேரி செய்தார் என்று சொல்வதுதான் பொருத்தம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நேற்று முழுவதும் உலகம்மையின் வாதம். இன்று காலையிலிருந்து அவருடைய பதில். மணல்துறை என்கிற மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தயாரிக்கும் பதினோரு முதலாளிகளும் கூட்டுச் சேர்ந்து தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையை ஏற்றினார்கள் என்று, வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் ஆணையம் அபராதம் போட்டிருந்தது. அதை எதிர்த்து அவர்கள் செய்த மேல்முறையீடு இது. பேசி முடித்துவிட்ட வக்கீல் எதிராளி பேசும்போது உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுகூட அதற்குத் தேவலாம். வாயைத் திறக்கவாவது அங்கே விடுவார்கள்.

"மை லார்ட்ஸ், ஒரு தெருவில் பத்து டீக்கடை இருக்கிறது. பால் விலை ஏறுகிறது. அந்த வாரமே பத்துக் கடையிலும் டீ விலை ஏறுகிறது. பத்து மாஸ்டர்களும் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிச் சதி செய்தார்கள் என்று அர்த்தமா?" என்றார் ராஜவரதன் ஆங்கிலத்தில். தீர்ப்பாயத்தின் தலைவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த உறுப்பினரும் சிரித்தார். நல்ல உதாரணம்தான், அவள் அந்தப் பக்கம் நின்றிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள், ஆனால் டீக்கடை என்று சொல்லியிருக்க மாட்டாள், சலூன் என்று சொல்லியிருப்பாள், சலூனுக்குப் பால் விலைகூடத் தேவையில்லை. ஆனால் இங்கே பால் விலை எது, அதைக் கேட்க வேண்டும், தண்ணீர் விலை ஏறவில்லை, மின்சாரக் கட்டணம் ஏறவில்லை, அமோனியா விலை ஏறவில்லை, பின்னே எதற்கு ஏற்றினாய், அதைத்தானே நேற்றுக் கேட்டேன், கேட்டேனா, கேட்டேன், தலைவர் குறித்துக்கொண்டாரே. வாய் நமநமவென்று அரித்தது. இசக்கியப்பன் சொல்வது சரிதான். அவளுடைய புருஷன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணமான நாளிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "கோர்ட்ல விட்டாலும் விடுவா, வீட்ல கடைசிப் பேச்சை விட மாட்டா." அவருக்குத் தெரியாது, கோர்ட்டிலும் அவள் விட்டது கிடையாது. சட்டப்படி கடைசிப் பேச்சு மேல்முறையீடு செய்தவருடையது. ஆனால் இந்தத் தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிலில் ஏதாவது புதிதாகக் கிளம்பினால் இந்தப் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் காலையிலிருந்து காத்திருந்தாள், எழுந்திருக்க வசதியாக நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கூட வைத்திருந்தாள்.

அப்போதுதான் ராஜவரதன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆணையத்தின் உத்தரவு முழுக்க யூகம், மை லார்ட்ஸ். கூடினார்கள் என்கிறார்கள். எங்கே கூடினார்கள்? யார் பார்த்தார்கள்? என் கற்றறிந்த நண்பர் முப்பது வருட அனுபவம் உள்ளவர், எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. அவருக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். ஒரு நாள், ஒரு இடம், ஒரு ஆள். இவர்கள் கூடிப் பேசியதைத் தன் காதால் கேட்ட ஒரே ஒரு ஆளைக் காட்டட்டும். இந்த மேல்முறையீட்டை இப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டு நான் மயிலாப்பூருக்கு நடந்தே போகிறேன்." அறையே சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் தப்பாகிவிடும். சிரித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பாமல் இருந்தாள். அந்த ஒரே ஒரு ஆள் அவளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையும் புது மூக்குக் கண்ணாடியுமாக மற்ற முதலாளிகளோடு முதலாளியாக உட்கார்ந்திருந்தார். பெயர் தஸ்நேவிஸ். பதினோரு மேல்முறையீட்டாளர்களில் அவரும் ஒருவர். ராஜவரதனின் ஃபீஸில் அவருடைய பங்கும் இருந்தது. தன் வாயால் வெளிவந்த உண்மையைப் பொய் என்று நிரூபிக்கத் தன் காசையே கொட்டிக்கொண்டிருந்த மனிதர். திரும்பாதே, என்று உலகம்மை தனக்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பினால் தெரியாது, ஒன்றும் தெரியாது, வக்கீல்கள் ஆயிரம் தடவை திரும்புவார்கள், ஆனாலும் திரும்பாதே. கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துவைத்ததில் நரம்பு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது. பிடரியில் காற்று இன்னும் ஜில்லென்று இறங்கியது.

இப்படித்தான் அன்றைக்கும் ஜில்லென்று இருந்தது, காலில். வக்கீல்கள் சாதாரணமாகப் போகாத இடத்துக்கெல்லாம் போவது அவளுடைய வழக்கம். காகிதத்தில் இருப்பதை ஊரில் போய்ப் பார்க்காமல் அவள் எந்தக் கேஸிலும் எழுந்து நின்றதில்லை. தேக்கு மரக் கேஸில் தோட்டத்துக்கே போய், மரம் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்கு எருக்கஞ்செடி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவள். மணல்துறைக்குப் போனது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரம். போட்டுகளெல்லாம் ஐஸுக்காகக் கரையில் காத்துக்கிடந்தன. மெஷின் ரிப்பேர் என்று அட்டை தொங்கிய ஒரு பிளாண்ட்டின் பின்பக்கச் சந்தில் அவள் செருப்போடு நடந்தபோது சாக்கடைத் தண்ணீர் விரல்களில் பட்டது. சித்திரை வெயில் போய் ஆனி வெயில் கொளுத்துகிற ஊரில், ரிப்பேர் ஆகி நிற்கிற ஐஸ் கம்பெனியின் சாக்கடை எப்படி இத்தனை ஜில்லென்று ஓடும்? உள்ளே ஐஸ் இருக்கிறது, விற்காமல் வைத்திருக்கிறார்கள், ஓரத்தில் உருகி ஓடுகிறது. அவள் அந்தச் சந்திலேயே நின்று சத்தமாகச் சிரித்துவிட்டாள். மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று பார்த்து, "எதுக்கு இந்தம்மா சாக்கடையப் பாத்துச் சிரிக்கி?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். மறுநாளே அதிகாரிகள் சாட்சிகளோடு போய் முறைப்படி பார்த்து எழுதிக்கொண்டார்கள். மின்சார வாரியத்தின் கணக்கும் வந்தது. ரிப்பேர் என்று சொன்ன நாட்களிலும் மின்சாரம் வழக்கம்போல ஓடியிருந்தது. ஒரு வாரம் இந்தப் பிளாண்ட்டுக்கு ரிப்பேர், மறுவாரம் அந்தப் பிளாண்ட்டுக்கு ரிப்பேர், முறை மாறாமல். நேற்று அவள் அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்படிக் கேட்டது நல்ல அறிகுறி. அல்லது அவருக்குக் கை வலித்திருக்கலாம். அறுபத்தைந்து வயதில் கை வலிக்காதா.

"மேடம்." பக்கத்தில் இருந்த தணிகாசலம் உதட்டை அசைக்காமல் கூப்பிட்டார். ஆணையத்தின் விசாரணை அதிகாரி, கேஸின் முதல் நாளிலிருந்து அவளோடு இருப்பவர், தோற்பதென்றால் காய்ச்சல் வந்துவிடுகிற மனிதர். "கவர் பையிலதான் இருக்கு மேடம். இப்ப விட்டா அப்புறம் கிடையாது." தெரியும் என்று அவள் தலையாட்டினாள். அந்தக் கவருக்குள் தஸ்நேவிஸ் சொன்னது இருந்தது. ரகசியமாகத் தகவல் தந்தவரின் பெயரைச் சட்டமே மறைக்கச் சொல்கிறது. விசாரணையைத் தொடங்க மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு அரக்கு வைத்து மூடிவிட்டார்கள். கேஸையே அது இல்லாமல்தான் கட்டினாள். தகவல் தந்தவருக்கு அபராதத்தில் சலுகை உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று தணிகாசலம் எவ்வளவோ சொன்னார். "எனக்கு மட்டும் கொறைச்சா மத்தவனுக்குத் தெரியாதா சார்? எல்லாருக்கும் போடுத மாதிரியே எனக்கும் போடுங்க," என்று சொல்லி முழு அபராதத்தையும் ஏற்றுக்கொண்டவர் தஸ்நேவிஸ். இப்போது கவரை எடுத்துத் தலைவரிடம் நீட்டினால் போதும். கேஸ் முடிந்தது, ராஜவரதன் மயிலாப்பூருக்கு நடக்க வேண்டியதுதான். நாளைக் காலையில் பேப்பரில் வரும். டெல்லியில் பேசுவார்கள். உலகம்மை கேஸில் தோற்றதே இல்லையாமே என்று எங்கோ யாரோ ஒரு புது வக்கீல் கேன்டீனில் சொல்வாள். முப்பது வருடத்துக்கு முன்னால் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பொருளாதாரக் குற்ற வழக்குகள் நடக்கும் கோர்ட்டுக்கு முதல் நாள் வந்தபோது, வாசலில் இருந்த டவாலிச் சேவகன், "குடும்ப கோர்ட்டு அந்தப் பக்கம்மா," என்று வழி காட்டினான். அவன் தப்பு சொல்லவில்லை, அந்த அறையில் அன்றைக்கு வேறு பெண் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் அவனே, "மேடம் வந்தாச்சு, வழி விடுங்க," என்று கட்சிக்காரர்களை விலக்கிவிட்டான். அந்தப் பெருமையில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. தோற்றால் அது போய்விடுமா என்ன.

தலைவரிடம் மட்டும் காட்டலாமே, எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்கலாமே. கேட்கலாம். ராஜவரதன் எழுந்து நகல் கேட்பார், கேட்காவிட்டால் அவர் வக்கீலே இல்லை. நகல் தராவிட்டாலும் என்ன, அப்படி ஒரு கவர் இருக்கிறது என்பதே போதும். இன்றுவரை மணல்துறையில் எல்லாரும் போட்டுக்காரர் சங்கம்தான் புகார் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கவர் என்ற சொல்லைக் கேட்ட மறுநிமிடமே அந்த வரிசையில் இருப்பவர்களில் நான்கு பேர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கூடிப் பேசிய அறையில் இருந்தது ஐந்தே பேர். ஐந்து பேரில் ஒருவன் பேசியிருக்கிறான். யார்? அன்றைக்கு அந்த அறையில், "இது வேண்டாம்யா, பாவம்," என்று முனகியவன் யாரோ அவன்தான். அவர்கள் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஐந்து பேரில் மூத்தவர் லாரன்ஸ் மச்சாது, ஐஸ் முதலாளிகள் சங்கத் தலைவர். தஸ்நேவிஸின் ஒரே மகள் ஜெர்லின் வாழ்க்கைப்பட்டிருப்பது அந்த மச்சாது வீட்டில்தான். சம்பந்தியைக் காட்டிக்கொடுத்த அப்பனின் மகள் என்று அந்த வீட்டில் அவள் எப்படி ஒரு வாய் சோறு தின்பாள்? கூடிய இடமும் வேறு எதுவும் இல்லை. இருவருக்கும் பேரனான ஜெர்லின் மகனின் புதுநன்மை விருந்து. பிள்ளை கோயிலில் முதல் தடவையாக நன்மை வாங்குகிற நாளில் உறவையும் ஊரையும் கூட்டிச் சாப்பாடு போடுவது அங்கே வழக்கம். கீழே பிரியாணிப் பந்தி நடக்க, மேலே மாடி அறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து யாருடைய மெஷினுக்கு எந்த வாரம் ரிப்பேர் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாகப் பையன் இரண்டு தாத்தாக்களிடமும் ஆசீர்வாதம் வாங்க அந்த அறைக்கே வந்திருக்கிறான்.

அதை தஸ்நேவிஸ் சொன்னது திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கேன்டீனில். தணிகாசலமும் உலகம்மையும் போய்க் காத்திருந்தார்கள். மனிதர் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். "வீட்ல கண்ணாசுபத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் மேடம். பொய்யாயிரக் கூடாதுன்னு கண்ணையும் காட்டிட்டேன். மருந்து ஊத்தியிருக்காவ, ஒண்ணும் தெரியல. உங்க மூஞ்சிகூடத் தெரியல. அதுவும் நல்லதுக்குத்தான்." எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்டே ஆக வேண்டும், பழிவாங்க வருகிறவன் சொல்வதை வைத்து எதையும் கட்டக் கூடாது. அவர் டம்ளரைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டார். "என் பிளாண்ட்டுக்குள்ள ஐஸ் அடுக்கிக் கெடக்கு. வெளிய பாதி ஐஸோட போன போட்டுக்காரன் மீனை நாற வச்சுக் கொண்டாந்து கோழித்தீவனத்துக்குத் தட்டுதான். எங்கப்பா காலத்துலேர்ந்து ஐஸ் யாவாரம் பண்ணுதோம். கேட்டவனுக்கு இல்லன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இந்த வருசம் என்னைச் சொல்ல வச்சிட்டாவ. சொன்னேன். அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல." அவ்வளவுதான். அப்புறம் கேட்டார்: "எம் பேரு வெளிய வந்துருமா?" "என் வாயிலேருந்து வராது அண்ணாச்சி." "கோர்ட்டு கேட்டா?" "கேட்டாலும் வராது." "அது இல்லாம தோத்துருவீயன்னா?" அதற்கு அவள் என்ன சொன்னாள். "நான் இதுவரைக்கும் தோத்ததில்ல அண்ணாச்சி," என்று சொன்னாள். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. கண் தெரியாத மனிதர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். சாட்சி இப்படிச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அவள் விடுவாளா? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், ஆம், இல்லை, இரண்டில் ஒன்று என்று அதட்டியிருப்பாள். இப்போது அந்தக் கேள்வி சுற்றிக்கொண்டு வந்து எதிரில் நிற்கிறது. தோற்றுவிடுவீர்கள் என்றால்? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

ராஜவரதன் ஏதோ ஒரு பழைய தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். குரல் தூரத்து ரேடியோ போலக் கேட்டது. தோற்றால் போவது அவளுடைய பெயர் மட்டும் இல்லை, அதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்ட முள். பெயர் போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம், சொல்ல வலித்தாலும் சொல்லிவிடலாம். தோற்றால் அடுத்த தடைக்காலம் முடிந்ததும் மறுபடியும் ரிப்பேர் அட்டைகள் தொங்கும். கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது என்று பிளாண்ட்டுக்குப் பிளாண்ட் பட்டாசு வெடிப்பார்கள். போட்டுக்காரர்களும் மீன் விற்கிற பெண்களும் அவள் கட்சிக்காரர்கள் இல்லைதான், ஆனால் யாருக்காக இந்தக் கோட்டு. அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து ஒரு தஸ்நேவிஸை மறு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? சாயட்டும், சாய்ந்தால் சாயட்டும், தராசு தூக்கவா வந்தேன். தியாகேசன் தூக்கினார். அவள் சேர்ந்த புதிதில் அவளுடைய சீனியர். கும்பகோணத்தில் ஒரு நிதி நிறுவன மோசடி. உள்ளே காசாளராக இருந்த பத்மாசனி என்ற பெண் பயந்து பயந்து வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், பேர் சொல்லாதீர்கள் சார் என்ற ஒரே வேண்டுகோளோடு. கேஸ் ஆட்டம் கண்ட ஒரு மத்தியானம் தியாகேசன் எழுந்து நின்று, கையை நீட்டி, அவள் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு, தெருப் பெயரோடு சொன்னார். கோர்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜெயித்தார்கள். பத்மாசனியின் கொழுந்தனே அந்த நிறுவனத்துக்கு டெபாசிட் பிடித்துக் கொடுத்தவன். அவனும் உள்ளே போனான். சில மாதம் கழித்து அவள் ஒரு துணிப்பையோடு ஆபீஸுக்கு வந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லையாம், திருப்பூரில் ஏதோ வேலைக்குப் போகிறாளாம், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததாம். "கேஸு ஜெயிச்சிடுச்சா சார்?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஜெயிச்சாச்சும்மா," என்றார் தியாகேசன். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த "அப்ப சரி"யைக் கேட்டவள் உலகம்மை. அதற்குப் பிறகு அவளிடம் வந்து வாய் திறந்தவர்கள் எத்தனை பேர், கணக்குப்பிள்ளைகள், டிரைவர்கள், கம்பெனி முதலாளிகளின் இரண்டாம் மனைவிகள்கூட. அவர்களில் ஒருவர் பெயரும் வெளியே வந்ததில்லை. தோற்றதில்லை என்பதை ஊர் சொல்கிறது. இதை ஊர் சொல்ல முடியாது. ஊருக்குத் தெரியாமல் இருப்பதுதானே இது. தெரியாததாலேயே இது முழுக்க முழுக்க அவளுடையது, இசக்கியப்பனுக்குக்கூட இதில் பங்கு கிடையாது. நினைத்தபோது குளிரில் விறைத்த பிடரிக்குள் கதகதவென்று ஏதோ ஏறியது. கர்வம்தான். கர்வம் என்றால் கர்வம், அதற்கு வேறு பெயர் எதற்கு.

ஆனால் கேஸ் நிற்குமா. நிற்க வேண்டும். தன் கையால் கட்டியது. மின்சாரம் பொய் சொல்லாது, சாக்கடை பொய் சொல்லாது, பதினோரு மெஷினும் சொல்லிவைத்தாற்போல முறைவைத்துப் பழுதாகாது. முழுப் பூசணிக்காயை ராஜவரதன் டீக்கடைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார், தலைவர் அத்தனை சாது இல்லை. சிரித்தாரே. சிரிப்பது வேறு, தீர்ப்பு வேறு. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், சிரிக்கச் சிரிக்கப் பேசியவர்கள் தோற்றதை. ஆனால் ஜெயித்ததையும் பார்த்திருக்கிறாள். தெரியாது, உண்மையாகவே தெரியாது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டாலும் அது அவளுக்குப் பழக்கமில்லாத பாதி. அறை திடீரென்று அமைதியாகிவிட்டது. ராஜவரதன் உட்கார்ந்துவிட்டிருந்தார். தலைவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். "மிஸஸ் உலகம்மை, நண்பர் ஒரு சவால் விட்டிருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?" தணிகாசலம் பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள். இடது முழங்கால் கடக்கென்றது. "நேற்றுச் சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை, மை லார்ட்ஸ்." தன் குரல் இத்தனை சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். உட்காரப் போனாள். தலைவர் விடவில்லை. "பெரிய சவால் அது. காட்டினால் வாபஸ் என்கிறார். அப்படியானால், பார்த்தவர் கேட்டவர் எவரும் இல்லை என்று பதிவு செய்துகொள்ளலாமா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருப்பதற்குத்தான் தயாராகி வந்திருந்தாள், பொய் சொல்வதற்கு இல்லை. முப்பது வருடத்தில் கோர்ட்டிடம் ஒரு பொய் சொன்னதில்லை. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அந்த ஒரு சொல்லே தஸ்நேவிஸின் தோளைத் தொட்டுக் காட்டிவிடும். யோசிக்கிறாள் என்று தெரிந்தாலே போச்சு, ஏன் யோசிக்கிறாள் என்று மச்சாது கேட்பார். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மூன்றாவது வரிசையா, இரண்டாவதா. ஒருவர் இருமினார். அது அவருடைய இருமலா, அவர் இருமி அவள் கேட்டதில்லையே. மேஜையின் விளிம்பில் விரலை ஊன்றிக்கொண்டு, தாமதமே தெரியாத தாமதத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் யாரையும் காட்டவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள், மை லார்ட்ஸ்." ராஜவரதன் உட்கார்ந்தபடியே திருப்தியாகத் தலையாட்டினார். தலைவர் மட்டும் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு, தான் முதலில் கேட்ட வாக்கியத்தை விட்டுவிட்டு, அவள் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சுருக்கெழுத்தருக்குச் சொன்னார். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், நீதிபதிகள் உள்ளே போனார்கள், அடுத்த கேஸ்காரர்கள் கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு நாற்காலிகளைப் பிடித்தார்கள். தணிகாசலம் ஜிப்பை மூடினார். அவர் முகம் செத்த வீட்டு முகமாக இருந்தது. அவள் கழுத்துப் பட்டையை அவிழ்த்து மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லிஃப்ட்டுக்கு எதிரே வராந்தாவில் மணல்துறைக்காரர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் மச்சாது, தங்கப் பல் தெரிய. பக்கத்தில் ராஜவரதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன உலகம்மை, இப்படி மௌனவிரதமா இருந்துட்டேள்? நான் நடக்கறதுக்குச் செருப்பெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன்," என்றார் நட்பாக. "உங்களுக்கு முழங்கால் வலியாச்சே சார், அதான்," என்றாள் அவள். அவர் பெரிதாகச் சிரித்துவிட்டு ஜூனியர்களோடு படிப்பக்கம் போனார். லிஃப்ட் வரவில்லை. அவளும் தணிகாசலமும் முதுகு காட்டி நின்றுகொண்டார்கள். "வாய அடைச்சிட்டாருல்லா," என்று மச்சாது சொல்வது கேட்டது. "நா என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அந்தம்மா கைல ஒண்ணுமில்ல பாத்தீயளா." அதற்குப் பிறகு ஒரு குரல் எழுந்தது. கண் ஆஸ்பத்திரி கேன்டீனில் டம்ளரைத் தேடிக்கொண்டே பேசிய குரல், ஆனால் அன்றைக்கு இருந்த நடுக்கம் இல்லாமல், வாய் நிறைய வந்தது: "முப்பது வருச சர்வீஸாம் மச்சான். கேட்ட கேள்விக்கு எந்திரிச்சு நின்னு முழிக்கி. நம்ம ஜெர்லின் நின்னிருந்தாக்கூட ரெண்டு வார்த்தை சேத்துப் பேசியிருப்பா." வட்டம் முழுக்கச் சிரித்தது. மச்சாது அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரையும்விட அதிக நேரம், அதிகச் சத்தமாகச் சிரித்தவர் தஸ்நேவிஸ்தான். தணிகாசலத்தின் காது சிவந்துவிட்டது. "யாருக்காக இதெல்லாம் செஞ்சோமோ அவரே உங்களை இப்படி நக்கல் அடிக்கிறார் மேடம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உலகம்மை உள்ளே ஏறி, திரும்பி நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்து கிடந்தது.

"அடிக்கட்டும் சார்," என்றாள். "எவ்வளவு நல்லா அடிக்கிறார் பாருங்க."